பாலைவனத்தில் நாங்கள் வளர்த்த புல்

கத்தாரில் நான் பதினெட்டு வருஷம் புல் வெட்டினேன். இதை இப்போது சத்தமாகச் சொல்ல முடிகிறது. வெகுகாலம் தென்காசியில் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. "கம்பெனி வேலை" என்பேன். கூடக் கேட்டால் "ஸ்டேடியத்துல" என்பேன். அதற்கும் மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

எங்கள் வீட்டில் இது வழக்கமான கதைதான். வாப்பாவுக்குக் கைலி, துண்டு வியாபாரம். மூத்த காக்கா, அதாவது பெரிய அண்ணன், சவூதியில்; இரண்டாவது காக்கா துபாயில். மூன்றாவது ஆளான எனக்குத் தோஹா வாய்த்தது. கிடங்கு வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். போய் இறங்கியதும் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து ரோட்டோரச் செடிகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்த ஊரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கப்போகிற சமயம் அது. ஊர் முழுக்கக் கிரேன். இன்று பார்த்த ரோடு அடுத்த வாரம் இருக்காது. வேறு பக்கமாகப் போகும். போட்டிக்கு ஆள் பற்றாமல் செடிக்காரர்களில் சிலரை மைதானத்துப் பக்கம் அனுப்பியபோது நானும் போனேன். அப்படித்தான் புல்லுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தப் போட்டிக்கு முன்னால் கால்பந்து மைதானம் என்றால் பள்ளிக்கூடத்துச் செம்மண் பொட்டல்தான் எனக்குத் தெரியும். புல்லை விரல்கடை உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அதிலும் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று சொன்னபோது சிரிப்பு வந்தது. பிறகு ஒருநாள் அதிகாலையில், எந்திரம் ஓடி முடித்த தரையை மேல்வரிசையில் நின்று பார்த்தேன். வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகப் பட்டை பட்டையாக, இழை பிசகாத கைலி விரித்துப்போட்டதுபோல் கிடந்தது. சுற்றிலும் மணல். நடுவில் இது. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

ஆசியப் போட்டி முடிந்து முதல் விடுப்பில் வந்தபோது கல்யாணம். பெண் வீட்டில், "மாப்பிள்ளை ஸ்டேடியத்தில் சூப்பர்வைசர்" என்று என் காக்கா சொல்லியிருந்தார். நான் அதை மறுக்கவில்லை. கல்யாணம் ஆகிப் பத்து நாளில் குற்றாலம் போனோம். சீசன் நேரம். ஐந்தருவியில் அவள் பெண்கள் பக்கமும் நான் ஆண்கள் பக்கமும் குளித்துவிட்டு, பழக்கடை முன்னால் வந்து சேர்ந்துகொண்டோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஈரத்தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மங்குஸ்தானை உடைத்தபடி கேட்டாள்.

"ஸ்டேடியத்துல நீங்க என்னதான் பாக்கீய? சூப்பர்வைசர்னா என்னத்த மேப்பாக்கணும்?"

பொய்யை அவளிடம் நீட்டிக்கொண்டு போக மனமில்லை.

"புல்லு."

"புல்லா?"

"வளக்கணும், வெட்டணும், தண்ணி காட்டணும்."

"மாட்டுக்கா?"

"பந்து வெளையாட."

அவள் தலையைத் திருப்பி மலையைப் பார்த்தாள். அந்தப் பருவத்தில் குற்றாலத்தில் பச்சை இல்லாத இடம் எது? பாறை இடுக்கிலும், கடைக்கூரை மேலும், நாங்கள் நின்ற படிக்கட்டின் விரிசலிலும் புல் இருந்தது.

"இதுக்கா பிளைட் ஏறிப் போனீய? இங்கன ஒருத்தரும் கேக்காமலே கல்லுல மொளச்சுக் கெடக்கு!" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து ஓய்ந்தபிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "எங்க அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீய."

அதுதான் தைத்தது. அவள் அண்ணனுக்குப் பஜாரில் பாத்திரக்கடை. யார் எங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது அந்தக் கடைக்கு வருகிறவர்கள் வாயில்தான் தினமும் அலசப்படும். அவள் பயந்ததில் தப்பில்லை. நான் சரி என்றேன். அடுத்த பல வருஷம் மச்சானைப் பார்க்கும்போதெல்லாம் சூப்பர்வைசராகவே இருந்தேன்.

உலகக் கோப்பைக் கால்பந்து கத்தாருக்கு என்று அறிவித்த வருஷம்தான் என் மகள் பிறந்தாள். அறிவிப்பு வந்ததும் தோஹாவில் கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் ஊர்வலமாகப் போயின. எங்கள் அறையில் பலகாரம் வாங்கி வைத்துத் தின்றோம். இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது, அதுவரை நாமா இங்கே இருக்கப்போகிறோம் என்று பேசிக்கொண்டோம். நான் இருந்தேன். அந்த ஊர் ஒவ்வொரு போட்டிக்கும் தன்னைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். ஆசியக் கால்பந்துக் கோப்பை வந்தது. ஹேண்ட்பால் உலகப் போட்டி வந்தபோது பெரிய பெரிய உள்ளரங்குகள் எழுந்தன. மரத்தரை என்பதால் எங்களுக்கு அதில் வேலையில்லை. பிறகு தடகள உலகப் போட்டி. குளிரூட்டிய திறந்த அரங்கில் ஓடினார்கள். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப்போன வருஷம் எது என்று கேட்டால் ஹேண்ட்பால் நடந்த வருஷம் என்றுதான் எனக்கு நினைவு வருகிறது. மகள் சைக்கிள் பழகியது தடகள வருஷம். வருஷங்களை அப்படித்தான் எண்ணிப் பழகிவிட்டேன்.

உலகக் கோப்பைக்காகப் புதிதாகக் கட்டிய அரங்குகளில் ஒன்றில் என்னைப் போட்டார்கள். அந்தக் கட்டடங்களை எழுப்பியவர்கள் வெயிலில் பட்ட பாட்டை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அதை என் பெருமைக்குள் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. என் கைக்குத் தெரிந்தது புல் மட்டும்தான். கோடையில் மூச்சே சுடும் ஊரில் அதை உயிரோடு வைத்திருந்தோம். இருக்கைகளுக்கு அடியிலிருந்து குளிர்காற்று வரும். கூரை நிழல் விழும் இடங்களுக்குச் சக்கரம் வைத்த பெரிய விளக்குச் சட்டங்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் செயற்கை வெயில் காட்டுவோம். புல்லுக்கு எவ்வளவு தாகம் என்று மண்ணில் குத்திப் பார்க்கும் கருவி சொல்லும்.

என்னோடு கூட இருந்தவர் புனலூர்க்காரர். செங்கோட்டை தாண்டி மலை ஏறி இறங்கினால் அவர் ஊர். என்னைவிட மூத்தவர் என்பதால் சேட்டன் என்பேன். அவருடைய தமிழில் பாதி மலையாளம். வருஷங்கள் போகப்போக என்னுடைய தமிழும் அப்படியே ஆனது. எங்கள் இருவருக்கும் மேலே ஒரு ஸ்காட்லாந்துக்காரர். வாழ்நாள் முழுக்கப் புல்லோடு இருந்தவர். கோபம் வந்தால் கத்தமாட்டார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். தொப்பி கையில் இருந்தால் நாங்கள் பக்கத்தில் போவதில்லை.

எங்கள் அரங்கில் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் பனி காய்வதற்கு முன்னால் தரையைச் சுற்றிவருவது என் வேலை. வடக்குப் பக்கத்து கோலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தபோது கால் ஒரு நூல் இறங்கியது. நின்றேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை; மற்ற இடம்போலவே பச்சை. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதே இடத்தில் நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்றும் பார்த்தேன். ஒரு கட்டில் அளவுக்கு இடம் மெத்தென்று இருந்தது. சேட்டனைக் கூப்பிட்டேன்.

"சேட்டா, இங்கன நில்லுங்க."

அவர் நின்றார். குதிகாலை அழுத்தினார். முகம் மாறிவிட்டது.

"தாழுன்னுண்டு, எடா" என்றார். தாழ்கிறது என்கிறார்.

குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து மெல்ல இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் பழுப்பாக, அழுகிய வாடையோடு இருந்தது. மேலே பச்சை, கீழே செத்துப்போயிருந்தது. ஆட்டக்காரன் ஒருவன் அந்த இடத்தில் வேகமாகத் திரும்பினால் தரை அவன் காலோடு சுருட்டிக்கொண்டு வந்துவிடும். முழங்கால் போய்விடும். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்.

சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினோம் என்பதை மறைக்கவில்லை. முந்தின நாள்தான் எல்லாக் கருவிகளும் வைத்துப் பார்த்து, தரை தயார் என்று பெரிய அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாம் இருவர் சொல்லி அது தப்பாகப் போனால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். சேட்டன் என்னைப் பார்த்தார்.

"நீ கண்டதல்லே. நீ பற" என்றார். பார்த்தது நீதானே, நீயே சொல் என்கிறார்.

போய்ச் சொன்னேன். ஸ்காட்லாந்துக்காரர் வந்து, நான் செய்ததுபோலவே ஷூவைக் கழற்றினார். நின்றார். தொப்பி தலையிலேயே இருந்தது. மண்வாரியை வாங்கி ஓரமாக ஒரு துண்டு எடுத்தார். குழியில் தண்ணீர் ஊறி நின்றது. கீழே போகும் குழாயின் பொருத்தில் கசிவு. எத்தனை நாளாகக் கசிந்ததோ தெரியாது.

"உன் காலுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார்.

"பதினாறு வருஷமாக நடக்கிறேன் ஐயா" என்றேன்.

அன்று மதியத்துக்குள் குழாயைச் சரிசெய்தார்கள். நாங்கள் கெட்டுப்போன இடத்தைச் சதுரமாக வெட்டி அள்ளினோம். ஊருக்கு வெளியே இருந்த புல்பண்ணையிலிருந்து குளிர்பெட்டி லாரியில் புதிய புல்பாய்கள் வந்தன. மண்ணும் வேருமாகத் தடிமனாக வெட்டிய பாய். தன் கனத்திலேயே அசையாமல் கிடக்கும். அதை இழுத்துப் போடக்கூடாது. இழுத்தால் அது நீளும், நாளைக்குச் சுருங்கும், இடைவெளி விழும். பக்கத்துப் பாயோடு உடம்பால் முட்டித் தள்ளித்தான் சேர்க்க வேண்டும். மண்டியிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளினோம். விளிம்புகளில் மணலைக் கையால் நிரவினேன். ரோலர் ஓட்டினோம். இருட்டுவதற்குள் முடிந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த இடத்துக்கு மட்டும் தனியாகத் தண்ணீர், தனியாக விளக்கு. மேல்வரிசையிலிருந்து பார்த்தால் எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் எங்கே இருக்கிறது என்று மனதுக்குத் தெரியுமே.

முதல் ஆட்டம் பகல் ஒரு மணிக்கு. ஊரில் மூன்றரை. எந்த நாடுகள் ஆடின என்று யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வழியில், பெயர்ந்த புல்லை நெம்பிவிடும் நான்கு முனைக் கம்பியோடு நாங்கள் நின்றோம். பந்தை நான் பார்க்கவே இல்லை. அந்தக் கட்டில் அளவு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் யாரும் அங்கே அழுத்தமாக மிதிக்கவில்லை. பிறகு ஒரு முன்னணி ஆட்டக்காரன் பந்தோடு உள்ளே வந்தான். தடுக்க வந்தவன் நல்ல வாட்டசாட்டமான ஆள். முழுக் கனத்தோடு தரையில் சறுக்கினான். சரியாக இரண்டு பாய்கள் சேரும் இடத்தின் மேலே. சேட்டன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

அவன் எழுந்தான். உள்ளங்கை அளவுக்கு ஒரு கொத்துப் புல் பெயர்ந்து கிடந்தது. எந்தத் தரையிலும் பெயர்வதுதான். பாய் நகரவில்லை. அவன் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அரங்கம் முழுவதும் வேறு எதற்கோ கத்திக்கொண்டிருந்தது. சேட்டன் பிடியை விட்டார். அவர் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. ஸ்காட்லாந்துக்காரர் எங்களுக்கு முன்னால்தான் நின்றார். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் அதைப் பற்றிக்கொண்டேன்.

இடைவேளையில் உள்ளே ஓடினோம். பெயர்ந்த இடங்களைக் கம்பியால் நெம்பி, காலால் அமுக்கி, மணல் போட்டோம். நான் நேரே அந்த வடக்குப் பக்கம் போனேன். சில நிமிஷம்தான். அதற்குள் எங்கோ ஒரு கேமரா திரும்பியிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

மறுநாள் காலையில் மனைவி போன் செய்தாள். நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் டிவி பெரியது என்பதால் அவள் அண்ணன் கடையை ஆளிடம் விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார். இடைவேளையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் மகள், "வாப்பா! வாப்பா!" என்று டிவிமேல் விழுகிற மாதிரி ஓடியிருக்கிறாள். திரையில் நான். குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருக்கிறேன். பின்னால் பல்லாயிரம் பேர்.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "ஏட்டி, அது நம்ம மாப்ளல்லா? சூப்பர்வைசரு அங்கன குனிஞ்சு என்ன செய்யுதாரு?"

மனைவி சொன்னாளாம்: "புல்லு பாக்குதாவ. அவங்க வேலையே அதான். அவங்க வளத்த புல்லு. அதுலதான் இன்னைக்கு உலகமே வெளையாடுது."

"அப்பம் இத்தன வருசமா..."

"இத்தன வருசமா நான்தான் சொல்ல வேண்டாம்னேன். வெவரமில்லாம சொன்னேன். இப்பம் நானே சொல்லுதேன்."

போனில் இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. பக்கத்துக் கட்டிலில் சேட்டன் படுத்திருந்தார் என்பதால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எங்க சொன்னான்? செருப்பக்கூட மாட்டாம ஓடுதான் டீக்கடைக்கு. 'எங்க மாப்ள இல்லன்னா மேட்சே கெடையாதுலே'ன்னு பஜாரு பூரா சொல்லிக்கிட்டு அலையுதான்."

மச்சான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். ஆனால் அந்த வடக்குப் பக்கத்தை நினைத்துப் பார்க்கும்போது, ரொம்பவும் கூட்டிவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஆசியக் கால்பந்துக் கோப்பை மறுபடியும் தோஹாவுக்கு வந்தது. அதையும் பார்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். சேட்டனும் அதே வருஷம் புனலூருக்குத் திரும்பினார். வந்த புதிதில் என்ன செய்வது என்று தெரியாமல் பாத்திரக்கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். மச்சான் வருகிற போகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார். கேட்பவர்கள் செல்போனில் அந்த அரங்கத்தின் படத்தைத் தேடி எடுத்து, "இந்தப் புல்லா அண்ணாச்சி?" என்பார்கள். ஆமாம் என்பேன்.

ஒருநாள் என் மகள் படிக்கும் பள்ளியின் விளையாட்டு டீச்சர் கடைக்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் கால்பந்து அணி இருக்கிறது, நன்றாக ஆடுகிறார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் சரளை மண்ணில் பழகிவிட்டு, கேரளாவில் போய்ப் புல்லில் ஆடும்போது பந்து பிடிபடமாட்டேன் என்கிறது என்று சொன்னார். "சார், ஒருதடவ வந்து பாருங்க. சரிவராதுன்னா சரிவராதுன்னு சொல்லிருங்க" என்றார். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

போய்ப் பார்த்தேன். கல்லும் முள்ளுமாக ஒரு பொட்டல். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்திக்குக்கூடச் சிராய்ப்பில்லாத முழங்கால் கிடையாது. மைதானம் முழுவதும் முடியாது, பாதிக்குச் செய்யலாம் என்றேன். கல் பொறுக்கவே ஒரு மாதம் ஆனது. புல்லுக்கு வெளியே எங்கும் போகவில்லை. விளையாட்டுத் தரைக்குப் போடும் வகைகளில் ஒன்று நம் அருகம்புல்லின் நெருங்கிய சொந்தக்காரன். பண்பொழிப் பக்கத்து வரப்புகளில் அருகு மண்டிக் கிடந்தது. பிடுங்கிக்கொண்டு போகிறேன் என்றதும் வயற்காரர்கள், "தாராளமா கொண்டு போங்க, எங்களுக்குத் தொல்ல விட்டுச்சு" என்றார்கள். மச்சான் லோடு ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தார். என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து நட்டாள். குற்றாலத்துச் சாரல் எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்த ஆனியில் நட்டோம். அந்த வருஷம் விடாமல் தூறியது. தோஹாவில் எத்தனையோ எந்திரம் வைத்துச் செய்த வேலையை இங்கே காற்றும் மலையும் செய்துவிட்டுப் போயின.

இந்த வருஷம் சேட்டன் மூலமாகப் புனலூரிலிருந்து ஒரு பெண்கள் அணி ஆட வந்தது. பாதி மைதானத்தில்தான் ஆட்டம். அதற்கேற்ப ஆளைக் குறைத்து, கோலைச் சின்னதாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். கேரளாவில் போய் ஐந்தும் ஆறுமாகக் கோல் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். தோற்றதற்கு அழாமல், தப்பிப்போன ஒரு பந்துக்காக ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சேட்டன் ஓரமாக ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தரை முழுவதையும் வெறுங்காலால் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

"எங்கும் தாழுன்னில்ல" என்றார்.

டீச்சர் வந்து, மீதிப் பாதியை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். சாரல் தொடங்குவதற்குள் கல் பொறுக்கி முடித்தாக வேண்டும் என்றேன். பிள்ளைகள் அப்போதே வாளியைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள்.